கருக்கரிவாள் வெட்டும் ஆற்றுப் பிணமும்: குறும்படத்துக்குக் காய ஒப்பனை

மாணவர் குறும்படங்களில் காயம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். ரத்தம் முதலில் வந்துவிடுகிறது. என்ன காயம், எதனால் பட்டது என்று முடிவாவதற்குள் நடிகர் முகத்தில் சிவப்பை ஊற்றிவிடுகிறார்கள். திரையில் அது ஆரத்தித் தட்டு கவிழ்ந்த மாதிரிதான் தெரியும். பார்ப்பவருக்கு வலிக்காது. தோலும் அதன் கிழிசலும் முதல் வேலை, நிறம் இரண்டாவது, ரத்தம் கடைசி. இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் மருந்துக்கடையிலும் பேக்கரி சாமான் கடையிலும் வாங்கிய பொருளிலேயே நல்ல காயம் செய்யலாம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் படம் எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு எதிரி உண்டு: வியர்வை. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை ஏ.சி. அறையில், வெளுத்த தோலில் செய்து காட்டுபவை. சித்திரை வெயிலில் வரப்பில் நிற்கும் மாநிறக் கையில் அதே முறை அரைமணி நேரம்கூடத் தாங்காது. கீழே உள்ளவை நம் ஊர் வெயிலையும் நம் தோலையும் மனதில் வைத்து எழுதியவை.

முதலில் காயத்தின் கதை

ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எது பட்டது? எந்தப் பக்கமிருந்து பட்டது? பட்டு எவ்வளவு நேரமாயிற்று? யாருடைய தோல்?

கதிர் அறுக்கும்போது கருக்கரிவாள் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வலது கையில் அரிவாள், இடது கையில் கதிர்ப்பிடி. பிடித்த கைக்குக் கீழேதான் அரிவாள் ஓடும். ஆகவே வெட்டு விழும் இடம் இடது கைச் சுண்டுவிரல் பக்கம். வலது உள்ளங்கையில் வெட்டு போட்டால் அறுவடை பார்த்து வளர்ந்த எவரும் நம்பமாட்டார்கள். கருக்கரிவாளுக்குப் பல் உண்டு என்பதால் வெட்டின் ஓரம் லேசாகப் பிசிறியிருக்கும். கண்ணாடி கிழித்தால் ஓரம் நேராக, சுத்தமாக இருக்கும். வண்டியிலிருந்து சரளையில் விழுந்தால் ஆழமே இருக்காது. ஒரே திசையில் கோடு கோடாகச் சிராய்ப்பும் நடுநடுவே மண்ணும்தான் இருக்கும்.

நேரமும் முக்கியம். புது வெட்டு ஈரமாக, பளிச்சென்று இருக்கும். ஒரு மணி நேரம் போனால் ஓரத்து ரத்தம் கருத்துக் கெட்டியாகும். மறுநாள் சுற்றிலும் வீங்கி, நடுவில் பழுப்புப் பொருக்கு கட்டியிருக்கும். ரத்தக்கட்டும் அப்படித்தான். முதல் நாள் சிவந்திருக்கும், பிறகு நீலமும் ஊதாவுமாகும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் பச்சையும் மஞ்சளும் ஓரத்திலிருந்து தலைகாட்டும். தோலுக்கடியில் தேங்கிய ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதைந்து முதலில் பச்சை நிறமியாகவும் பிறகு மஞ்சள் நிறமியாகவும் மாறுவதால்தான் இப்படி ஆகிறது. ஐந்து நிறத்தையும் ஒரே இடத்தில் பூசுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. கதையில் காயம் எத்தனை நாள் பழையதோ அந்த நாளின் நிறம் மட்டும் போதும்.

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் ரத்தக்கட்டு பிரகாசமாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட ஒரு படி கருத்த மெரூன், அதற்கு நடுவே கறுப்பை ஒட்டிய ஊதா. அவ்வளவுதான். மஞ்சளைக் கண்ணுக்குத் தெரியும் அளவு போட்டால் மஞ்சள் பூசிக் குளித்தது போலாகிவிடும். நிறம் போதாது என்று தோன்றினால் இன்னும் பூசாதீர்கள், வீக்கத்தைக் கூட்டுங்கள். மேடும் அதன் நிழலும்தான் கறுத்த தோலில் அடியைக் காட்டிக்கொடுக்கும்.

சாமான்களும், தொடக்கூடாதவையும்

தோலுக்கென்றே விற்கும் திரவ லேடெக்ஸ் (ரப்பர் பால்) 100 மி.லி. இருந்தால் ஒரு குறும்படத்துக்குப் போதும். ரப்பர் தொழிலுக்கான லேடெக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அது கெடாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா அதிகமாக இருக்கலாம். தோலும் கண்ணும் எரியும். லேடெக்ஸைச் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றவும் கூடாது. செம்பு பட்டால் ரப்பர் சீக்கிரம் நைந்துபோகும். சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம் போதும்.

மருந்துக்கடையில் கிளிசரின், வாசலின், பஞ்சு, மைக்ரோபோர் டேப், ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சு, புதிய சலைன் டியூப். பேக்கரி சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ், சுவையூட்டாத ஜெலட்டின் பவுடர், கோகோ பவுடர், சைனா கிராஸ் (கடற்பாசி, அகர் அகர்), உணவில் சேர்க்கும் சிவப்பு நிறமும் கொஞ்சம் நீல நிறமும். சிவப்பு வாங்கும்போது கவனம் வேண்டும். கேசரிப் பவுடர் கொடுத்துவிடுவார்கள், அது ஆரஞ்சு. ராஸ்பெரி ரெட் என்று கேட்டு வாங்குங்கள். கிரீம் நிறங்களில் மெரூன், ஊதா, கறுப்பு, வெள்ளை, பச்சை இருந்தால் போதும். பணம் இடித்தால் மெரூன் லிப்ஸ்டிக், கண்மை, ஊதா ஐஷேடோ ஆகியவற்றைக் கலந்தே முதல் காயத்தைச் செய்துவிடலாம்.

ஒப்பனையை நாம் இன்னும் அரிதாரம் என்றுதான் சொல்கிறோம். கூத்திலும் நாடகத்திலும் முகத்தில் மஞ்சளாகப் பூசிய அந்த அரிதாரம் ஆர்செனிக் கலந்த ஒரு கனிமம், அதாவது நஞ்சு. முகத்தில் பூசுவது என்ன என்று கேட்காமல் பூசக்கூடாது என்பதை அந்தச் சொல்லே நினைவூட்டுகிறது. போஸ்டர் கலர், அக்ரிலிக் பெயின்ட், ஃபெவிகால் எதுவும் தோலுக்கானதல்ல. ஃபெவிக்விக் பஞ்சில் பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். அது ஒப்பனை மேசையிலேயே இருக்கக் கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு நம் கைக்கு உடனே வரும் யோசனைதான். ஆனால் சுண்ணாம்பு காரம், தோலையும் கண்ணையும் எரிக்கும். புளித்த எதுவும் பட்டால் நிறம் மறுபடி மஞ்சளுக்கே திரும்பிவிடும். தரையில் ஊற்றுவதோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். குங்குமத்தையும் புண், கண், வாய்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு பொருளையும் முதல்நாளே நடிகரின் முழங்கை உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு தடவி 24 மணி நேரம் பாருங்கள். பலூனோ ரப்பர் கையுறையோ பட்டால் அரிப்பவருக்கு லேடெக்ஸ் கூடவே கூடாது. வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கும் லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாது. ஆகவே அந்தக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள். ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. அதைத் தோலில் ஒட்டிக்கொள்ள விருப்பமா என்று முன்கூட்டியே கேட்பதுதான் மரியாதை.

வெட்டுக்காயம், படிப்படியாக

முதல்முறை செய்பவருக்கு 45 நிமிடம் பிடிக்கும். விரலைவிட முன்கையில் பழகுவது சுலபம். முதலில் அங்கேயே இரண்டு முறை செய்து பாருங்கள்.

சோப்பால் கழுவி ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றிய ஐஸை இரண்டு நிமிடம் வைத்தெடுங்கள். வியர்வை கொஞ்ச நேரம் அடங்கும். அங்கே எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் லேடெக்ஸ் ஒட்டாது. ஆனால் முடி இருந்தால் முடியின்மேல் மட்டும் மெல்லிய வாசலின் வேண்டும். இல்லாவிட்டால் உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். புருவம், இமை, தலைமுடி ஓரம் ஆகிய இடங்களில் லேடெக்ஸே வேண்டாம்.

ஸ்பாஞ்சுத் துண்டால் லேடெக்ஸை ஒற்றி ஒற்றி மெல்லிய படலமாக வையுங்கள். பால்வெள்ளையாக இருப்பது காய்ந்ததும் கண்ணாடி போல் தெளியும். விசிறிக்குக் கீழே நான்கைந்து நிமிடமாகும், ஹேர் டிரையர் வைத்தால் குளிர்காற்றில் மட்டும். தெளியும் முன் அடுத்த பூச்சு போட்டால் உள்ளே ஈரம் அடைபட்டு, வியர்த்ததும் பொம்மிக்கொண்டு எழும். ஒரு பூச்சு காய்ந்ததும் டிஷ்யூ பேப்பரின் ஒரே ஒரு தாளை, அடுக்கைப் பிரித்து, கையால் கிழித்து வையுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கத்தரித்த ஓரம் நேர்கோடாகக் கேமராவில் தெரிந்துவிடும், கிழித்த ஓரத்தின் நார் தோலோடு கலந்துவிடும். அதன்மேல் லேடெக்ஸ், மறுபடி டிஷ்யூ, மறுபடி லேடெக்ஸ். நடுவில் மூன்று நான்கு அடுக்கு, ஓரத்துக்குப் போகப்போக ஒன்று. தடிமன் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் போலவும் ஓரத்தில் வெங்காயச் சருகு போலவும் இருந்தால் சரி.

முழுக்கக் காய்ந்ததும் டால்கம் பவுடரை ஒற்றுங்கள். இதை மறந்தால் லேடெக்ஸ் தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. பிறகு ட்வீசரால் நடுப்பகுதியைத் தூக்கிப் பிடித்து, தோலில் படாமல் சிறு கத்தரியால் ஒரு துளை. அங்கிருந்து இரண்டு பக்கமும் விரலாலேயே கிழியுங்கள். பிளேடை நடிகரின் தோல்மேல் வைத்துக் கீறுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இப்போது இரண்டு உதடாகத் திறந்த பிளவு கிடைத்திருக்கும். கருக்கரிவாளுக்கு ஓரத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாக ட்வீசரால் இழுத்துப் பிசிறுங்கள். கண்ணாடிக்கு அப்படியே விடுங்கள்.

நிறத்தை உள்ளிருந்து வெளியே கொண்டுவாருங்கள். பிளவின் அடித்தளத்தில் கண்மைக் கறுப்பும் மெரூனும், உள்சுவரில் மெரூன், உதட்டின் உள்விளிம்பில் மட்டும் மெல்லிய சிவப்பு. ஆழம் என்பது கறுப்பால் வருவது. அடியில் சிவப்பைப் போட்டால் பள்ளம் மேடாகத் தெரியும். வெளிப்பக்க லேடெக்ஸுக்கு நடிகரின் நிற ஃபவுண்டேஷனை ஸ்பாஞ்சால் ஒற்றி, தோலுக்குள் கரையும்படி இழுத்துவிட்டு, பவுடர் போட்டுப் பளபளப்பைக் குறைக்கலாம். கிரீம் நிறத்தின் எண்ணெய் லேடெக்ஸை மெல்ல மெல்ல இளக்கும் என்பதால் நிறம் பூசிய காயத்தை மறுநாளைக்கு எடுத்துவைக்க நினைக்காதீர்கள். தினமும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

லேடெக்ஸ் ஆகாதவருக்கு ஒரு பங்கு வாசலினுடன் இரண்டு, இரண்டரைப் பங்கு மைதாவைக் கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, கால் கரண்டி கோகோவால் தோல் நிறத்துக்குக் கொண்டுவரலாம். தோலில் வைத்து ஓரத்தைத் தேய்த்துக் கரைத்து, கரண்டிக் காம்பால் நடுவே கீறினால் பிளவு. நிழலில் ஒரு மணி நேரம் நிற்கும், வெயிலில் வழிந்துவிடும். அசையும் மூட்டில் வைக்கவே வேண்டாம்.

ரத்தம்

லிக்விட் குளுக்கோஸ் 200 கிராம், வெந்நீர் 50 மி.லி., ராஸ்பெரி ரெட் ஒரு தேக்கரண்டி, கோகோ ஒரு தேக்கரண்டி, நீலம் ஒரு சொட்டு. கோகோவைச் சலித்து வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே குளுக்கோஸில் சேர்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பாருங்கள். மெல்லிதாக ஓடும் இடத்தில் ஒளி ஊடுருவும் சிவப்பு, தேங்கிய இடத்தில் கருஞ்சிவப்பு. இதுதான் பதம். ஓரம் ரோஜா நிறமாக விரிந்தால் கோகோ போதாது. சாக்லேட் போல மங்கினால் சிவப்பு போதாது.

இதை இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். ஒன்று வாய்க்கு, அதில் உணவுப் பொருள் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. இன்னொன்றில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் துணிக்கறை சுலபமாகப் போகும். இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். இனிப்பான ரத்தம் என்பதால் தோப்பில் பத்து நிமிடத்தில் எறும்பு வரும். தரையில் கொட்டுவதற்குச் சோளமாவுக் கஞ்சியில் நிறம் கலந்து வைத்துக்கொள்ளலாம்.

உறைந்த ரத்தத்துக்குச் சைனா கிராஸ். ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, நிறமும் கோகோவும் கூட்டி ஆறவிட்டு, கட்டியானதை முள்கரண்டியால் கிளறினால் கட்டி கட்டியாக வரும். அது வெயிலில் உருகாது என்பது நமக்குப் பெரிய உதவி. காய்ந்த பொருக்குக்கு ஃபில்டரில் டிகாஷன் இறங்கியபின் மிஞ்சும் காபிச் சக்கையைப் போல வேறொன்று இல்லை. ஒரு சிட்டிகையைக் கெட்டியான ரத்தத்தில் குழைத்துச் சிராய்ப்பின்மேல் ஒற்றினால், ரத்தமும் ரோட்டு மண்ணும் சேர்ந்து உலர்ந்த அதே சொரசொரப்பு கிடைக்கும்.

ரத்தம் பூசும் வேலைக்குப் பிரஷ் வேண்டாம். நடிகர் காட்சியில் எப்படி நிற்பாரோ அப்படி நிற்கவைத்து, காயத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால் அதுவே வழி தேடி ஓடும். படுத்திருப்பவரின் நெற்றி ரத்தம் காதுப் பக்கம்தான் போகும், மூக்குக்கு வராது.

கேமரா முன்னாலேயே ரத்தம் வர வேண்டுமானால் சலைன் டியூபின் நுனியை லேடெக்ஸின் முதல் பூச்சுக்கு முன்பே மைக்ரோபோரால் ஒட்டி, பிளவின் மேல்முனையில் திறக்கும்படி மறைத்து, மீதியைச் சட்டைக் கைக்குள் கொண்டுபோய், மறுமுனையில் ரத்தம் நிரப்பிய சிரிஞ்சைப் பொருத்துங்கள். டியூபின் நுனி வரை ரத்தம் நிரம்பிக் காற்றில்லாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிரிஞ்சை அமுக்கியதும் முதலில் குமிழிதான் வரும். இதற்கான ரத்தத்தை இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள்.

ஜெலட்டினும் தீக்காயமும்

ஜெலட்டின், தண்ணீர், கிளிசரின் மூன்றும் தலா இரண்டு மேசைக்கரண்டி. ஜெலட்டினைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கிளிசரின் சேர்த்து, கிண்ணத்தைக் கொதிநீரில் வைத்து உருக்குங்கள். கொதிக்க விடாதீர்கள், நுரை கட்டிவிடும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து, வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால்தான் நடிகர் மேல் வைக்கலாம். கரண்டியால் பரப்பி, உறையும் தருணத்தில் காம்பால் இழுத்துத் தூக்கினால் உரிந்த தோலாக எழும். கொப்புளத்துக்கு உருண்டையாக ஒரு சொட்டு.

ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் அருமையாக நிற்கும். சித்திரையில் வெளியில் எடுப்பதானால் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடியுங்கள், அல்லது லேடெக்ஸுக்கு மாறுங்கள். தண்ணீரைப் பாதியாக்கிக் கிளிசரினைக் கூட்டினால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அடியில் ஒரு பூச்சு லேடெக்ஸ் இருந்தால் வியர்வை நேராகப் படாது.

ஒரே காயம் பல நாள் வேண்டுமானால் அச்சு செய்வது நல்லது. டைல்ஸ் மேல் குயவர் களிமண்ணில் காயத்தைச் செதுக்கி, ஓரத்தை வழித்து வழித்து இல்லாமலே ஆக்கி, சுற்றிலும் களிமண் வரப்பு கட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுங்கள். தண்ணீரில் பவுடரைத் தூவ வேண்டும், பவுடரில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இறுகியதும் களிமண்ணைக் கழுவி எடுத்து, லேசாக வாசலின் தடவி ஜெலட்டின் ஊற்றினால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் பிளாஸ்டரை நேராகக் கையிலோ முகத்திலோ ஊற்றி அச்சு எடுக்காதீர்கள். இறுகும்போது அது சூடாகும். இங்கிலாந்தில் 2007-இல் பள்ளிக் கலை வகுப்பில் இப்படிக் கையை விட்ட ஒரு மாணவி விரல்களை இழந்தார்.

ஆற்றில் கிடந்தவர்

காவிரிக் கரையில் திகில் கதை என்றால் வாய்க்காலிலிருந்து எழுந்து வரும் உருவம் இல்லாமல் முடியாது. அதற்கு முகத்தைவிடக் கைதான் பேசும். வெகுநேரம் தண்ணீரில் கிடந்த கைத்தோல் வெளுத்துச் சுருங்கும். நடிகரை முஷ்டி மடக்கச் சொல்லி, இழுபட்ட விரல்களின் மேல்பக்கம் லேடெக்ஸ் ஒற்றி, காயவைத்து, பவுடர் போட்டு, பிறகு மெதுவாக விரலை நீட்டச் சொல்லுங்கள். காய்ந்த படலம் தோலை இழுத்துக்கொண்டு நூறு சுருக்கமாக மடிவது கண்முன்னே நடக்கும். சுருக்கங்களின் மேட்டில் மட்டும் சாம்பல் வெள்ளையைத் தொட்டு, நகக்கண்ணில் ஊதா வையுங்கள்.

முகத்தை வெள்ளையடிக்க வேண்டாம். மாநிற முகம் வெளிறினால் சாம்பல் படரும். வெள்ளை, துளி கறுப்பு, துளி பச்சை கலந்து மெல்லிதாக ஒற்றி, உதட்டின் செம்மையை மறைத்து ஊதா சேர்த்தால் போதும். சேறுக்கு வாய்க்கால் மண் எடுக்காதீர்கள், தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். முல்தானி மட்டியும் கோகோவும் கரைத்தால் அதே வண்டல் நிறம். தலைமுடி ஈரமாகவே தெரிய கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளியுங்கள். வெறும் தண்ணீர் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். கழுவிய ஆகாயத்தாமரை வேர் ஒன்று தோளில் தொங்கினால் ஊரே தெரியும்.

மேட்டூரிலிருந்து வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள். அந்த மாதங்களில் லேடெக்ஸ் ஒட்டிய நடிகரை ஓடும் ஆற்றில் இறக்காதீர்கள். கரையில் வாளித் தண்ணீரை ஊற்றி எடுங்கள். வறண்ட மணல் படுகை வேண்டுமானால் பிப்ரவரிக்கு மேல்.

கேமரா, தொடர்ச்சி, தெரு

செல்பேசியில் எடுத்தால் முகத்தை அழகாக்கும் வசதியை முதலில் நிறுத்துங்கள், அது உங்கள் காயத்தையும் வழவழப்பாக்கிவிடும். வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டு, அந்த இடத்து விளக்கிலேயே ஒரு சோதனை எடுங்கள். மஞ்சள் விளக்கில் சிவப்பு செம்மண்ணாகவும், மெரூன் கறுப்பாகவும் தெரியும். அதற்கேற்ப ரத்தத்தை வெளுப்பாக்க வேண்டியிருக்கும்.

அடுத்த நாளும் அதே காயம் தொடர்ந்தால், தெளிவான பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைத்து மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். பக்கத்து மச்சத்தையும் மணிக்கட்டுக் கோட்டையும் சேர்த்தே வரைந்தால் மறுநாள் தாளை அதே இடத்தில் பொருத்த முடியும். மூன்று பக்கமிருந்து படமும் வேண்டும்.

பொது இடத்தில் எடுக்கும் முன் பக்கத்துக் கடைக்காரரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். காட்சி இல்லாத நேரத்தில் காயத்தைத் துண்டால் மூடுங்கள். உண்மையைப் போலவே இருக்கும் காயம் வழியில் போகும் பெரியவருக்கு உண்மைதான். ஒப்பனையோடு நடிகரைப் பேருந்திலோ வண்டியிலோ அனுப்பாதீர்கள். அரிவாள் அட்டையில் செய்ததாகவே இருக்கட்டும்.

கலைக்கும்போது

இழுத்து உரிக்காதீர்கள். லேடெக்ஸ் ஓரமெங்கும் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உருட்டி உருட்டி எடுங்கள். ஜெலட்டின் வெந்நீர்த் துணிக்கே இளகிவிடும். சிவப்புக் கறை படிந்த இடத்தில் ஷேவிங் நுரையை ஒரு நிமிடம் வைத்துத் துடையுங்கள். மறுமுறை ரத்தம் ஓடும் வழியில் முன்கூட்டியே ஃபவுண்டேஷன் பூசிவிட்டால் கறை இவ்வளவு பிடிக்காது. சட்டையை உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். காயவிட்டால் வேட்டியில் ரோஜா நிறம் தங்கிவிடும். தோல் சிவந்தோ தடித்தோ இருந்தால் அந்த இடத்தைக் கழுவி, மறுநாள் படப்பிடிப்பில் அங்கே எதையும் ஒட்டாமல், காயத்தை அடுத்த கைக்கு மாற்ற முடியுமா என்று இயக்குநரிடம் அன்று இரவே கேட்டுவிடுங்கள்.